த்ரூ, ஆண்பால் பெயர்ச்சொல்

பார்ட்லி ஓ குவலான் ரோஸ் துவ் ஊருக்கு இருபத்தாறு வருஷம் தபால் சுமந்தவன். அந்த இருபத்தாறு வருஷத்தில் அடுத்தவர் உறையின் ஒட்டை அவன் பிரித்ததில்லை. பாஸ்டனிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரும் தடித்த உறைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவன் ஐம்பத்தோராவது வயதில், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சதுப்புக்காட்டுப் பாதையில் அடுப்புக்கென்று வெட்டி அடுக்கியிருந்த கரிமண் குவியலுக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, டப்ளினுக்குப் போக வேண்டிய ஒரு பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தான். காரணம் ஒரு பெயர்ச்சொல்.

பார்ட்லிக்குச் சொற்கள் சேர்க்கும் பழக்கம் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. டப்ளினில் ஐரிஷ் மொழிக்குப் பெரிய அகராதி தயாராகிறது, மேற்குக் கரையில் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் தங்கள் ஊர்ச் சொற்களை எழுதி அனுப்பலாம் என்று. பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் மட்டும் உட்கார்ந்தவன் பார்ட்லி. மிச்சத்தை ஓர் இலக்கணப் புத்தகத்தை வாங்கி, அட்டை கிழியும்வரை படித்துத் தானே கற்றுக்கொண்டான். சொல், ஆண்பாலா பெண்பாலா, ஆறாம் வேற்றுமையில் எப்படி மாறும், பொருள், ஓர் உதாரணம், எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுச் சீட்டில் எழுதி, கீழே ‘பார்ட்லி ஓ குவலான், தபால்காரர்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவான். வருஷத்துக்கு இரண்டு முறை டப்ளினிலிருந்து நன்றிக் கடிதம் வரும். அதைப் பையிலிருந்து எடுத்துத் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக் கொடுப்பான். அவன் மனைவி சாலி வாங்கி அவனிடமே நீட்டுவாள். இந்த விளையாட்டில் இருவருக்கும் அலுப்பு வந்ததே இல்லை.

அறுநூற்று நாற்பது சீட்டு போயிருந்தது. அவற்றில் ஐந்நூறுக்குக் குறையாமல் சாலியின் வாயிலிருந்து வந்தவை. சாலிக்கு எழுதத் தெரியாது. ஆனால் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, அடுப்பில் கரிமண்ணை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில் ஒரு சொல்லைப் போடுவாள். பார்ட்லி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பென்சிலைத் தேடி ஓடுவான்.

அந்த இலையுதிர் காலத்தில் அகராதி அலுவலகத்திலிருந்து துவல்தா என்றொருவன் நேரில் வந்தான். வந்த சொற்களைச் சரிபார்க்க மூன்று வாரம். முப்பத்திரண்டு வயது, ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, பைப் புகைக்கிறவன். பள்ளி ஆசிரியரின் வீட்டில் ஓர் அறையில் தங்கினான். பார்ட்லி ஒரு வாரம் முன்னாலேயே சமையலறைக்கு வெள்ளையடித்து, கை வைத்த நாற்காலி ஒன்றைத் தச்சனிடம் இரவல் வாங்கி வந்து அடுப்போரம் போட்டிருந்தான். தன்னோடு உட்கார்ந்து ஒருவன் மூன்று வாரம் இலக்கணம் பேசப் போகிறான் என்ற நினைப்பிலேயே அவன் மிதிக்காமல் சைக்கிள் ஓடியது.

முதல் மாலை நன்றாகத்தான் தொடங்கியது. தேநீரும் சோடா ரொட்டியும் ஆனபின் துவல்தா சீட்டுக் கட்டை எடுத்து வைத்தான். பார்ட்லி தன் படிப்பைக் காட்டிக்கொள்ள, ஐரிஷில் பெண்பிள்ளை என்ற சொல் ஆண்பால், பொலிகுதிரை என்ற சொல் பெண்பால், இதைப் படைத்தவனுக்குக் கண் தெரியாது போல என்று சொல்லித் துவல்தாவைச் சிரிக்க வைத்தான். பிறகு துவல்தா ஒரு சீட்டை உருவினான். அதில் சிவப்பு மையால் இரண்டு இடத்தில் கோடு இழுத்திருந்தது.

சொல் ‘த்னூ’. பொருள், பொறாமை. பெண்பால் என்று பார்ட்லி எழுதியிருந்தான்.

துவல்தா மெதுவாகத்தான் சொன்னான். இது ஆண்பால் என்பது தங்கள் அலுவலகத்தின் கருத்து. அதனால் ஆறாம் வேற்றுமையும் தப்பாகிவிடுகிறது. இன்னொன்று, பொறாமை என்ற பொருள் பழைய ஏடுகளில் இருப்பதுதான். அங்கே கோபத்தின் சூடு, போட்டி, அடுத்தவனிடம் இருப்பதைப் பார்த்து வேகிற வேக்காடு எல்லாமே இந்தச் சொல்தான். ஆனால் இந்தக் கரையில் உயிரோடு இருக்கிற பொருள் வேறாக இருக்கலாம்.

பார்ட்லிக்குக் காது சூடேறியது. ‘அந்த’ என்பது போன்ற சுட்டு முன்னால் வந்தால் பெண்பால் சொல்லின் முதலெழுத்து இளகும்; ஆனால் ‘த’ அந்த இடத்தில் இளகாது; ஆகவே காதால் கேட்டு ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல முடியாது என்று வாதம் செய்தான். அது சரியான வாதம். துவல்தாவும் ஒப்புக்கொண்டான். பின்னால் வரும் பெயரடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றான். பெரிய என்பதற்கு அவர்கள் சொல் ‘மோர்’. ஆண்பால் சொல்லுக்குப் பின்னால் அது ‘மோர்’ ஆகவே நிற்கும். பெண்பாலுக்குப் பின்னால் இளகி ‘வோர்’ ஆகும்.

சாலி அந்தப்பக்கம் திரும்பி நின்று, அன்று தோண்டிய உருளைக்கிழங்கில் அடிபட்டதைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை.

துவல்தா அவளைப் பார்த்து, “அம்மா, நீங்க எதுக்காவது ரொம்ப நாள் ஏங்கியிருக்கீங்களா?” என்றான். “அது எப்படிப்பட்ட ஏக்கம்?”

சாலி கை வேலையை நிறுத்தவில்லை. “த்ரூ மோர்,” என்றாள்.

இரண்டே சொல். ‘ம’ கொஞ்சமும் இளகவில்லை. ‘ன’ இருந்த இடத்தில் ‘ர’ ஒலித்தது. அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பார்ட்லிகூடச் சின்ன வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பான், புத்தகத்தைப் பார்த்து ‘ன’வுக்கு மாறும்வரை. துவல்தாவின் முகத்தில் விளக்கேற்றியது போல ஆயிற்று. பைப்பைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தான். நாற்காலியைச் சாலி இருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பார்ட்லிக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் முதல் துவல்தா காலையிலேயே வரத் தொடங்கினான். காலை என்றால் பார்ட்லி நான்கு மைல் தள்ளி நாற்சந்தியில் இருக்கும் தபால் ஆபீசுக்குப் போய், பையை வாங்கி, மலைச்சரிவு வீடுகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம். அவன் மூன்று மணிக்குத் திரும்பினால் சமையலறையில் பைப் புகை மணக்கும். நாற்காலியின் கை சூடாக இருக்கும். ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சாலியின் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பை அவன் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறான். பிறகு அது எங்கே போயிற்று என்று தேடியதில்லை. இன்னொரு நாள் அவள் தலையை வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போடும் சீப்பைச் செருகியிருந்தாள்.

அந்த ஊர்ப் பேச்சில் ‘நான் பொறாமைப்பட்டேன்’ என்று சொல்ல வழியில்லை. பொறாமை என் மேல் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பசியும் குளிரும் துக்கமும் அப்படித்தான், வெளியிலிருந்து வந்து ஆள்மேல் ஏறி உட்காரும். பார்ட்லியின் மேல் அது ஏறி உட்கார்ந்தது, ஈரக் கோட்டு மாதிரி. மலைச்சரிவில் மிதிக்க மிதிக்கக் கனத்தது.

எது கனக்கிறது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாலிபன் தன் மனைவியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்பதா? அது ஒரு பாதி. பதினொரு வருஷம் பென்சிலும் கையுமாக அலைந்தது அவன். கேட்க வந்தவன் தன்னை விட்டுவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்துவிட்டான் என்பது மறுபாதி. துவல்தாவைப் பார்த்தால் சாலியின்மேல் உரிமை பொங்கும். சாலியைப் பார்த்தால் துவல்தாவின் நாற்காலி தன் பக்கம் திரும்பாதா என்று இருக்கும்.

தபால் ஆபீஸ் பாபீன் ஒரு காலை பையை நீட்டியபடியே கேட்டாள். “அந்த நாற்காலிக்குப் புதுசா அடி போட்டாச்சா பார்ட்லி? டப்ளின்காரன் உக்காந்து உக்காந்து தேஞ்சிருக்குமே.”

“சொல்லு சேர்க்கிறாரு,” என்றான் பார்ட்லி.

“சேர்க்கட்டும், சேர்க்கட்டும். எம் புருஷன் உயிரோட இருந்தப்ப எங்கிட்ட யாரும் ஒரு சொல்லுகூடக் கேக்க வரலியே.”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பார்ட்லியும் சிரித்துவைத்தான். அன்று மூன்று கடிதத்தை வீடு மாற்றிப் போட்டுவிட்டான்.

அன்று மாலை சாலியிடம், நாள் பூராவும் அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டான். அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன் என்றாள். என்ன கேட்கிறார் என்றான். தானியம் புடைக்கிற சொல், குழந்தை தத்துகிற சொல், பால் திரிகிற சொல், இப்படி ஏதாவது என்றாள். எந்தச் சொல்லையாவது தன்னிடம் பதினொரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தாளா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துவல்தா அந்த வாரத்துச் சீட்டுகளை ஒரு பழுப்புத்தாளில் பொட்டலம் கட்டி, அகராதி அலுவலகத்து முகவரி எழுதிப் பார்ட்லியிடம் கொடுப்பான். முதல் வெள்ளி பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வெள்ளிதான் பார்ட்லி கரிமண் குவியலுக்குப் பின்னால் நின்றது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டை விரித்து அதன்கீழ் பொட்டலத்தை வைத்துச் சீட்டுகளைப் புரட்டினான். துவல்தாவின் கையெழுத்து பொடிப்பொடியாக, அழகாக இருந்தது. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ‘சாலி, வயது 46, ரோஸ் துவ்’ என்று இருந்தது. அவன் அனுப்பிய அறுநூற்று நாற்பதில் ஒன்றில்கூட அவன் அந்தப் பெயரை எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நடுவில் அந்தச் சொல் இருந்தது. த்னூ, இந்தக் கரையில் த்ரூ. ஆண்பால். பொருள் ஒன்று, பொறாமை; ஏடுகளில். பொருள் இரண்டு, ஏக்கம், வரப்போவதை நோக்கிக் காத்திருத்தல்; பேச்சில். அடியில் உதாரணம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எட்டு வருஷம் அவனுக்காக ஏங்கிக் காத்திருந்தேன்.

‘அவனுக்காக’ என்ற இடத்தில் அவர்கள் மொழியில் இருந்த சொல் ‘லெஷ்’. அவனோடு என்றும் சொல்லலாம், அதோடு என்றும் சொல்லலாம். அந்த அது ஆண்பாலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணுக்கோ பெண்பால் பொருளுக்கோ என்றால் ‘லேயி’ வந்திருக்கும்.

பார்ட்லி அந்த ஒரு சீட்டை எடுத்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டான். மிச்சத்தை முன்போலவே கட்டினான். முடிச்சு மட்டும் வேறு மாதிரி விழுந்தது.

அதன்பின் அவன் தலையில் இலக்கணம் ஓடியதே ஓடியது. சாலி எதற்காக எட்டு வருஷம் காத்திருந்தாள்? கடிதத்துக்கா? கடிதம் பெண்பால், லேயி என்று சொல்லியிருப்பாள். பசுவுக்கா? அதுவும் பெண்பால். புதுக் கூரை, ஜன்னல், கிணறு என்று ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தான். ஆண்பாலாகக் கிடைத்ததற்கெல்லாம் எட்டு வருஷம் காக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசியில் ஓர் ஆள்தான் மிஞ்சினான். ஃபெஹீன்.

ஃபெஹீன் என்பவன் சாலியின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். அவள் பத்தொன்பது வயதில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கடலோரம் நடப்பார்கள் என்று ஊரில் பேச்சு. அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் பாஸ்டனுக்குக் கப்பலேறினான். முப்பத்தைந்தாம் வருஷம் சாலி பார்ட்லியைக் கட்டிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. பார்ட்லி விரல் விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான், ஒரு வருஷம் கூடவோ குறையவோ வராதா என்று. வரவில்லை.

அப்படியானால் அவள் காத்திருந்து சலித்த பிறகுதான், வேறு ஆள் கிடைக்காமல்தான், கதவைத் தட்டிய தபால்காரனைக் கட்டிக்கொண்டாள். அந்த எட்டு வருஷத்தில் ஏழு வருஷம் அவன்தான் தபால் கொண்டுபோனான். அவள் வாசலுக்கு ஓடி வந்து நின்றது நினைவிருக்கிறது. தன்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தான். பையைப் பார்க்க வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான். சாலி உப்புமீனை எடுத்து மூடி வைத்தாள். துவல்தா எட்டிப் பார்த்து ஒரு சொல்லின் பன்மையைப் பற்றிக் கேட்டபோது, அதை அவளிடமே கேளுங்கள், இங்கே எல்லாம் அவளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். துவல்தா புரியாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை கிழங்கு தோண்டும் நாள். வீட்டுக்குப் பின்னால் கல்சுவருக்கும் கடலுக்கும் நடுவே நீளப் பாத்திகள். பார்ட்லி மண்வெட்டியால் புரட்டிக்கொண்டே போவான், சாலி குனிந்து வாளியில் பொறுக்கிக்கொண்டே வருவாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அன்று அவன் கிழங்கை வெட்டி வெட்டிப் போட்டான். நாலாவது பாத்தியில் சாலி நிமிர்ந்தாள்.

“பாதிக் கிழங்கு ரெண்டா வருது. என்ன கோவம் உனக்கு?”

அவன் உள்பையிலிருந்து சீட்டை எடுத்து உரக்கப் படித்தான், புத்தகத்து உச்சரிப்பில், ‘ன’ தெளிவாக. படித்து முடித்து அவளைப் பார்த்தான்.

சாலிக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மாறியது. “அது அந்தத் தம்பி எழுதினது. உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

“பொட்டலத்துல இருந்தது.”

“பிரிச்சியா?”

சாலி வாளியைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருஷம் அவன் எதைச் செய்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“யாரு அவன்?” என்றான் பார்ட்லி.

“எவன்?”

“லெஷ்ங்கிறியே. அவன். எட்டு வருஷம். நான் கணக்குப் போட்டாச்சு சாலி. ஃபெஹீன் போனது இருபத்தேழு. நம்ம கல்யாணம் முப்பத்தஞ்சு.”

கோபப்படப் போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவள் பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய மண்ணை ஒரு கிழங்கால் வழித்தாள்.

“ஃபெஹீனா,” என்றாள். “அவன் கப்பல்ல ஏறினதுக்கு அடுத்த வாரமே அவன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. காது பெரிசா இருக்கும், அதான் ஞாபகம்.”

“அப்ப யாரு?”

“எது ஆண்பால், எது பெண்பால்னு ஊருக்கெல்லாம் எழுதி அனுப்புறவன் நீ. கொழந்தைங்கிறது என்ன பால்?”

அவர்கள் மொழியில் குழந்தை ஆண்பால். அவன் போட்ட பட்டியலில் கூரை இருந்தது, கிணறு இருந்தது, சுண்ணாம்புச் சூளைகூட இருந்தது. அந்தச் சொல் அவன் நினைப்பின் ஓரத்தில்கூட வரவில்லை.

சாலி சொல்லிக்கொண்டு போனாள், கடலைப் பார்த்தபடி. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து எட்டு வருஷம். ஒவ்வொரு மாதமும் ஒரு நாலு நாள் தள்ளிப்போனால் அவள் நடப்பதே மெதுவாகிவிடும், வாளி தூக்க மாட்டாள். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். எட்டாவது வருஷம் ஈஸ்டருக்கு அப்புறம் தானாகவே நிறுத்திவிட்டாளாம். இனிக் காத்திருப்பதில்லை என்று முடிவு பண்ணி, அன்றைக்குத் தண்ணீர் இரண்டு வாளியாகச் சுமந்தாளாம்.

“எங்கிட்ட சொல்லல,” என்றான் பார்ட்லி.

“சொல்லி? உனக்கும் அதே ஏக்கம்னு நெனைச்சேன். நீ வாயே தொறக்கல. சரி, இந்த ஆளுக்கு அது வேண்டியதில்ல போலன்னு விட்டுட்டேன்.”

“அவன்கிட்ட சொல்லியிருக்கே.”

“அந்தத் தம்பி எங்கிட்ட கதை கேக்கல. இந்தச் சொல்ல வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னாரு. வாயில வந்தது அதுதான். எதைப் பத்தின்னு கேப்பாரோன்னு பயந்தேன். நிமிர்ந்துகூடப் பாக்கல, எழுதிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிட்டாரு. போறவர்தானே, இன்னும் ஒரு வாரத்துல பஸ் ஏறிடுவாரு.” அவள் எழுந்தாள். “அந்தச் சீட்ட அவருகிட்ட திருப்பிக் குடுத்துரு.”

“உன் பேரு இருக்கு அதுல.”

“இருக்கட்டும். அறுநூறு போச்சு, எல்லாம் உன் பேர்ல. ஒண்ணுல என் பேரு இருந்தா ஆகாதா?”

அதை அவள் கடுமையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவனுக்குத் தாங்கவில்லை. குனிந்து மண்வெட்டியை எடுத்தான். மிச்சப் பாத்தி முழுவதும் ஒரு கிழங்கிலும் இரும்பு படவில்லை. ஆனால் பொறாமை இறங்கிவிட்டது என்று நினைத்தவன் பாத்தி முடிவதற்குள் அது வேறிடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டான். எட்டு வருஷம் ஒரே படுக்கையில், ஒரே மேஜையில், அவள் தனியாக, பிறக்காத ஒருவரோடு வாழ்ந்திருக்கிறாள். தன்னை உள்ளே கூப்பிடவில்லை. ஃபெஹீனாக இருந்தால் கையை முறுக்கிக்கொண்டு சண்டைக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது?

ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் ஆசிரியர் வீட்டுக்குப் போனான். துவல்தா மேஜையில் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தான். பார்ட்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்ததைச் சொன்னான். சீட்டை மேஜைமேல் வைத்தான். தபால் இலாகாவுக்கு எழுதிப் போட்டால் வேலை போய்விடும், எழுதினாலும் தான் மறுத்துப் பேசப் போவதில்லை என்றான்.

துவல்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கோபப்பட்டதுபோல் தெரிந்தது; ஆனால் எதற்கு என்று அவனுக்கே தெளிவில்லை. சீட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

“ஏன் எடுத்தீங்க?”

“பொறாமை,” என்றான் பார்ட்லி. “என் மேல இருந்துச்சு.”

“என் மேலயா, அவங்க மேலயா?”

“ரெண்டு பேர் மேலயும். இன்னொருத்தர் மேலயும்.”

துவல்தா அதைக் கிண்டவில்லை. யாருக்கும் எழுதப் போவதில்லை என்றான். பிறகு அகராதிக்காரன் புத்தி போகவில்லை. “இந்த வாக்கியத்துல லெஷ்னு வருதே, அது எதைக் குறிக்குது? அன்னைக்குக் கேக்க விட்டுப்போச்சு. மனுஷனா, பொருளான்னு ஒரு வார்த்தை குறிச்சுட்டா உதாரணம் திடமா நிக்கும். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றான் பார்ட்லி. பதினொரு வருஷத்தில் அகராதிக்கு அவன் சொன்ன முதல் பொய். “ஆண்பால்னு எழுதியிருக்கீங்களே. அது போதும்.”

மூன்றாவது வெள்ளிக்கிழமை துவல்தா பொட்டலத்தைப் பார்ட்லியிடம் கொடுக்கவில்லை. அவனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்றும் மழையுமாக நான்கு மைல் நடந்து, நாற்சந்தியில் பாபீனின் கையில் கொடுத்துவிட்டு வந்தான். போகும் வழியெல்லாம் வீட்டு வாசல்களில் தலைகள் தெரிந்தன. தபால்காரன் சைக்கிளில் பின்னால் வருகிறான், டப்ளின்காரன் முன்னால் தபாலோடு நடக்கிறான். பார்ட்லி அவனைத் தாண்டிப் போகவும் முடியாமல், இறங்கி நடக்கவும் முடியாமல், மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தான். அதைப் பற்றி ஊரில் நாலைந்து கதை உலவியது. சாலிதான் காரணம் என்று ஒன்று. இலக்கணச் சண்டை என்று ஒன்று. அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் துவல்தா பஸ் ஏறினான். சாலி அவனுக்கு ஒரு ஜாடி வெண்ணெய் கொடுத்தனுப்பினாள், வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான். பார்ட்லி பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸின் மேலே கட்டினான். கை குலுக்கும்போது துவல்தா, தொடர்ந்து சொற்கள் அனுப்புவீர்களா என்று கேட்டான். அனுப்புவேன், சொன்னவர் பேரோடு அனுப்புவேன் என்றான் பார்ட்லி.

இரவல் நாற்காலியைத் தச்சன் வந்து எடுத்துப்போனான். அடுத்த வாரம் கடைசிப் பாத்தி தோண்டும்போது பார்ட்லி, நிமிராமல், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப் போலக் கேட்டான்.

“பையன்னு நெனைச்சியா, பொண்ணுன்னு நெனைச்சியா?”

சாலி வாளியை நகர்த்திக்கொண்டே வந்தாள். “ஒரு வருஷம் பையன். ஒரு வருஷம் பொண்ணு. மாத்தி மாத்தி.”

“பேரு?”

“பையனுக்கு உங்கப்பா பேரு. அதுல எனக்கு ஏது இஷ்டம், ஊர் வழக்கம்.”

“பொண்ணுக்கு?”

அவள் ஒரு கிழங்கை எடுத்து மண் தட்டி வாளியில் போட்டாள்.

“சாலி, பொண்ணுக்கு என்ன பேரு வெச்சிருந்தே?”

“அது எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள். “நீ தோண்டு.”

அவன் தோண்டினான். அந்தக் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு முறை கேட்டான், ஒருமுறை கோழிக்கூட்டின் பக்கம், ஒருமுறை பூசைக்குப் போகும் வழியில். அவள் சொல்லவில்லை. அந்தப் பெயர் அவளிடம் இருந்தது, அவனிடம் இல்லை.